சாரா பீவி போட்டுக்கொண்ட வளையல்

மயிலம்மாளின் மகன் ஆண்டிக்குப் பேச்சு வரவில்லை, காலும் ஊன்றவில்லை. பத்து வயதாகியும் அவள் ஊட்டினால்தான் வாய் திறப்பான். தென்னூரில் அந்தச் சந்து முழுக்க நல்ல மனிதர்கள். குழம்பு கொடுத்தார்கள், பழைய சட்டை கொடுத்தார்கள். "நீ கொஞ்சம் வெளியே போயிட்டு வா" என்று சொன்னவர் மட்டும் பக்கத்து வீட்டில் பீடி சுற்றிப் பிழைத்த சாரா பீவிதான்.

1958 தை மாதம். லால்குடியில் மயிலம்மாளின் தங்கைக்குக் கல்யாணம். பையனைத் தூக்கிவர வேண்டாம் என்று பிறந்த வீட்டில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"நான் போகலக்கா."

"என்னடி பேசுற? கூடப் பொறந்தவ கழுத்துல தாலி ஏறுறதப் பாக்க வேணாமா? பீடிய எங்க உக்காந்து சுத்துனா என்ன? முறத்தோட இங்க வந்துடுறேன்."

கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து ஊட்டிப் பார்த்தார். ஆண்டி பல்லைக் கடித்துக்கொண்டான்.

"என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று சிரித்தார் சாரா பீவி.

மயிலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிவைத்த பையைப் பிரிக்கத் தொடங்கினாள். அவள் கையிலிருந்த கண்ணாடி வளையல்கள் குலுங்கின. சுவரைப் பார்த்துக் கிடந்த ஆண்டி அந்தச் சத்தத்துக்கு வாயைத் திறந்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தக் கை வளையலக் கழட்டு" என்று தன் கையை நீட்டினார் சாரா பீவி.

கணவர் மௌத்தானதிலிருந்து வெறுமையாக இருந்த கை அது. "அக்கா, உங்க ஆளுங்க ஏதாச்சும் சொல்லப் போறாங்க..."

"சொல்றவங்க வந்து சோறு ஊட்டட்டும்."

கல்யாணத்துக்குப் போகிறவள் வளையலைக் கழற்றுவதா என்று மயிலம்மாளும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு சோப்புப் போட்டு உருவினாள். சாரா பீவியின் ஒல்லிக் கையில் அவை எளிதாக ஏறின. ஆண்டி ஒரு கிண்ணம் சோற்றையும் தின்று தீர்த்தான்.

மறுநாள் கடைத்தெருவில் புது வளையல் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள் மயிலம்மாள். தாலி ஏறுவதைக் கண்ணாரப் பார்த்தாள். பந்தியில், யாருக்கும் ஊட்டாமல், தன் இலைச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டாள். பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்தாள்.

"ஒரு பருக்கை மிச்சம் வைக்கல உன் மவன்" என்றார் சாரா பீவி, திரும்பி வந்தவளிடம்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் முறத்தோடு வந்தார். ஆணியில் தொங்கும் வளையல்களை எடுத்து மாட்டிக்கொள்வார். மயிலம்மாள் சினிமாவுக்கோ ஆற்றங்கரை அம்மா மண்டபத்துக்கோ போய்வருவாள். சில நாள் வெறுமனே படுத்துத் தூங்குவாள். கை அலுத்த நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தே தேற்றிக்கொண்டாள்.

1967 மார்கழியில் சாரா பீவி காலமானார். அடக்கம் முடிந்த மாலை, மயிலம்மாள் ஆணியிலிருந்த வளையல்களைத் தன் கையில் ஏற்றிக்கொண்டு சோறு பிசைந்தாள். சத்தம் கேட்டதும் ஆண்டி வாசலைப் பார்த்தான்.

"சாராக்கா ஊட்டுற சோறுடா இது" என்றாள். "வாங்கிக்க."