டிக்கெட்டில் ஆறு மணி நேரம்

மேல்படிப்புக்காக என் மகள் டொரண்டோ போன நாள் அது. துபாயில் விமானம் மாறி, நம் நேரத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு 'ஏறிட்டேம்மா' என்று செய்தி அனுப்பியிருந்தாள். டிக்கெட்டில் புறப்பாடு 3.30, வருகை 9.30. ஆறு மணி நேரம். பதினொரு மணிக்கு இறங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

முந்தின நாள்தான் அந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று போனில் தேடியிருந்தேன். பதினோராயிரம் கிலோமீட்டர், பதினான்கு மணி நேரம் என்று வந்தது. யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். டிக்கெட்டில் அச்சடித்திருப்பது பொய்யாகுமா?

எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. ஜமுனாமரத்தூர் சாலையில் பஸ் நிற்கும் இடத்தில்தான் இரண்டு கோடு கிடைக்கும். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. பதினொன்றுக்கு முன்பே அங்கே போய் நின்றுவிட்டேன். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. அவளுக்கு அனுப்பிய செய்தியெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. விமான நிறுவனத்துக்கு அடித்தேன். பாட்டுப் போட்டார்கள், பிறகு லைன் அறுந்துபோனது.

சாமைக் காட்டில் களை எடுத்துவிட்டுச் சாப்பிட வந்த என் கணவர், வீட்டில் என்னைக் காணாமல் சாலைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பஸ்ஸு வர்லன்னா எதிர்ல வர்ற வண்டிய நிறுத்திக் கேப்போம். மரம் வுழுந்துகீதா, டயர் போச்சான்னு சொல்லிடுவான். இத்த யாராண்ட போய் கேக்கறது?"

அப்போது பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. "இன்னா டீச்சர், ஏறலியா?" என்றார் கண்டக்டர். எங்கே போவதென்று தெரிந்திருந்தால் ஏறியிருப்பேன்.

மூன்று மணிக்கு மேல் என் மனத்தில் கடல்தான் இருந்தது. படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். என்னவென்று இங்கே எழுத மாட்டேன்.

ஏழேகாலுக்கு போன் அடித்தது. இறங்கிவிட்டாளாம், சரியான நேரத்துக்கு. ஏன் எட்டு மணி நேரம் லேட் என்று அழுதுகொண்டே கேட்டேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தாள்.

"ஒம்பதரைன்றது இங்கத்து டைம்மா. தீர்க்கரேகை பாடம் நடத்தறதே நீதான?"

உண்மைதான். பதினைந்து பாகைக்கு ஒரு மணி நேரம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான்.

என் கணவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்: "செரி, அவளுக்கு ஒண்ணுன்னா நாம போவ எத்தினி மணி நேரமாவும்?"

வேலூரில் விடுதியில் இருந்தவரை, அவளுக்குக் காய்ச்சல் என்றால் முதல் பஸ்ஸைப் பிடித்து மதியத்துக்குள் போய்விடுவேன். இந்த முறை நிதானமாகக் கூட்டினேன். போளூருக்கு இரண்டு, சென்னைக்கு ஐந்து, துபாய்க்கு நாலரை, அப்புறம் அந்தப் பதினான்கு. சொல்ல வாயெடுத்தபோதுதான், எங்கள் இரண்டு பேரிடமும் பாஸ்போர்ட் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.