ஞானமுத்துவும் ஈ தின்ற ஸ்லைடும்

கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வந்த ஞானமுத்துவின் மைத்துனர், எங்கள் ஆய்வுக்கூட வாசலில் நின்றபடியே, "அத்தான் முந்தாநேத்து போயிட்டாருங்க" என்றார். நான் கேட்ட முதல் கேள்வியை எழுதவே கூசுகிறது: "அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?" அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு." எட்டு வருடம் கேட்டும் தராத சாவி!

ஞானமுத்துவோடு வேலை பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். எங்கள் இருவருக்கும் ஒரே மைக்ராஸ்கோப். காலையில் அதன் அடிக்கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் சரியாக விழும்வரை அசைத்துக்கொண்டே இருப்பார். மேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை நான் கண்ணை வைத்தபடியே குழாயை இறக்கி ஒரு ஸ்லைடை நொறுக்கிவிட்டேன். லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும், "எறக்கறப்ப பக்கத்துலேருந்து பாருங்க, ஏத்தறப்ப உள்ள பாருங்க" என்று வாரம் முழுக்க, தேநீர்க் கடையில்கூட, சொல்லிக்கொண்டிருந்தார். கிளிப்பிள்ளையாவது இடையில் ஓயும்.

ரத்தம் தடவிய ஸ்லைடு காயும்போது மேலே வலைமூடி கவிழ்க்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். இந்த ஊர் ஈக்களுக்குக் காய்ந்த ரத்தம் கல்யாண விருந்து. எட்டு வருடத்துக்கு முன், என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணியாக, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் காய்ச்சலில் கிடந்தாள். அவள் ரத்தத்தை நானே எடுத்து வந்து தடவினேன். "மூடி, மூடி" என்று அவர் ஆரம்பித்ததும் வீம்புக்கு மூடாமலே தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து சாயம் ஊற்றிப் பார்த்தேன். மலேரியாக் கிருமி தென்படவில்லை. நிம்மதியாக, பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதினேன்.

அடுத்தவர் பார்த்ததையும் மறுபடி பார்ப்பது ஞானமுத்துவின் வியாதி. "என்னங்க இது? பாதி ரத்தத்த ஈ தின்னுட்டுப் போயிருச்சு. மிச்சத்தப் பாத்துட்டு இல்லன்னு எழுதிட்டீங்களே?"

"மனுஷன நிம்மதியா இருக்க விடமாட்டீங்களா?" என்று கத்தினேன்.

அவர் ஊசியையும் புதுக் கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டு மழையில் என் வீட்டுக்கு நடந்தார். "தங்கச்சி, வெரலக் கொஞ்சம் குடும்மா" என்று கேட்டு ரத்தம் எடுத்து, அங்கேயே காயவைத்து, தன் சோற்றுப் பாத்திரத்துக்குள் பத்திரமாகக் கொண்டுவந்தார். சாயங்காலத்துக்குள் கிருமியைக் காட்டினார். டாக்டர் அன்றே கொயினா மருந்தை ஆரம்பித்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுவாரம் நன்றி சொல்லப் போனேன். பதிவேட்டில் என் 'இல்லை'யைச் சிவப்பு மையால் அடித்து, 'ஈ தின்றது. மூடி போடவில்லை' என்று என் பெயரோடு எழுதியிருந்தார். டாக்டர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். அந்தப் பதிவேடு நிரம்பியதும் அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்தப் பக்கத்தைக் கிழிக்கத்தான் பிறகு சாவி கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்கும் அது தெரியும்.

நேற்று அலமாரியைத் திறந்து, பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். சிவப்பு வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, அன்று கோபத்தில் நான் படிக்காமல் விட்ட வரி. அவர் கையெழுத்தில் என் மனைவியின் பெயர். எதிரே, 'கிருமி உண்டு'. என் மகள் பிழைத்தது இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான். ஒன்றைக் கிழித்தால் இன்னொன்றும் போய்விடும்.

கிழிக்கவில்லை. அலமாரியைப் பூட்டிவிட்டேன். சாவி இனி என்னிடம் இருக்கும். சொல்லாத நன்றியும் என்னிடமே இருக்கிறது. படுபாவி மனிதர், ஒரு நாளாவது அதைக் கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா?