ஒழுகல் டாக்டரும் அடுத்த மாடலும்

பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கும்போதே விலை பார்த்துவிடுவார். வலது கையில் பிரஷ், இடது கையில் போன். பின்கட்டுக் குழாயடியில் நின்றபடி, வாய் நிறைய நுரையோடு, சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் எனக்குச் சேதி சொல்வார்.

"டீச்சர்! ஒரே ராத்திரியில முன்னூறு இறங்கியிருக்கு!"

"அப்ப வாங்கிடுங்களேன்."

கொப்பளித்துத் துப்பிவிட்டு, பாவம் ஒன்றும் தெரியாதவள் என்பதுபோல என்னைப் பார்ப்பார். "இறங்க ஆரம்பிச்சா புது மாடல் வரப்போகுதுன்னு அர்த்தம். இப்பப் போய் எவனாவது வாங்குவானா?"

புது மாடலும் வரும். "வந்த முதல் மாசம் வாங்கவே கூடாது டீச்சர். அதுல என்னென்ன கோளாறுன்னு அடுத்தவன் வாங்கிக் கண்டுபிடிக்கட்டும்." சரி ஐயா, பழைய மாடல்தான் விலை இறங்கிவிட்டதே, அதை வாங்கித் தொலைக்கலாமே என்றால் முகத்தைச் சுளிப்பார். "புதுசு வந்ததுக்கப்புறம் பழசை எவன் வாங்குவான்?"

காமிரா வைத்த பறக்கும் ட்ரோன் ஒன்று வாங்குவதற்கு இப்படியே பத்து மாதம் ஓட்டினார் மனுஷர்.

ஒழுகல் டாக்டர் என்பது தெரு வைத்த பெயர். கூரை ஒழுகினால் அவரைத்தான் கூப்பிடுவோம். காதிடுக்கில் ஒரு சாக்பீஸ் துண்டு எப்போதும் இருக்கும். உள்ளே வந்ததும் நாற்காலியைக் காட்டினால் உட்கார மாட்டார்; அண்ணாந்து பார்த்தபடி அறை அறையாக நடப்பார். கூரையில் படர்ந்த ஈரக் கறையைப் பார்த்து, "இதுக்கு மூணு மழை வயசு" என்பார். சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். "தண்ணி ஒரு இடத்துல நுழையும், வேற இடத்துல அழும் டீச்சர். அழற இடத்தைப் பூசி என்ன பிரயோஜனம்?" தெருவில் நடக்கும்போதும் கண் அடுத்தவர் வீட்டு ஓட்டின் மேல்தான். அதனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது யார் மீதாவது மோதிக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். கணுக்காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். இன்னொரு தடவை விழுந்தால் நடக்கிற ஆசையை விட்டுவிட வேண்டியதுதான் என்று நிஜ டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி தையல்காரம்மா அதைக் கேட்டு அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏணியைத் தூக்கித் தன் தையல் அறையில் நிறுத்தி, ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவியைக் கத்தரிக்கோல் தொங்கும் நாடாவிலேயே கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இப்போது அந்த ஏணியின் படிகளில் தைத்து முடித்த துணிகள் ஹேங்கரில் தொங்குகின்றன.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், எதிர் வீட்டுக் கூரையை யாரோ ஒருவர் ட்ரோன் விட்டுப் பத்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டுப் போனதை இவர் வாயைப் பிளந்து பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ட்ரோன் வந்தால் தரையில் நின்றே கூரையைப் பார்க்கலாம், தொழிலும் தப்பும், காலும் தப்பும். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவர் வாங்கியிருக்க வேண்டுமா இல்லையா? வாங்கவில்லை. படித்தார். வீட்டுக்கு மருமகன் தேடுகிறவர்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்.

விளைவு, அவர் பேச்சைக் கேட்டு எங்கள் தெருவில் நாலு பேர் ட்ரோன் வாங்கிவிட்டார்கள். கல்யாணப் போட்டோகிராபர் ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து ஆலோசனைக்கு வந்தார். "முதல் ட்ரோன் மரத்துல மாட்டும், கண்டிப்பா மாட்டும். அதனால மனசு தாங்கற விலையில வாங்குங்க. முப்பது நிமிஷம் பறக்கும்னு போட்டிருந்தா இருபதுன்னு படிங்க. பேட்டரி கூட ஒண்ணு, இறக்கை கூட ரெண்டு செட். எதிர்காத்துல நிக்குதான்னு முதல்ல பாருங்க, படம் எவ்வளவு தெளிவுங்கறது அப்புறம்." அத்தனையும் தங்கமான யோசனை. ஊருக்குத்தான் உபதேசம்! தனக்கு மட்டும், அடுத்த மாடல்.

வீடு தையல் மெஷினில் ஓடியது. அவர் மற்றவர் வீட்டுக் கூரைக்குக் கீழே நின்று குறி சொல்லிக்கொண்டிருந்தார். பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில், "புதுசு புதுசா வருதுல்ல டீச்சர், தப்பானதை எடுத்துட்டா அவ உழைப்பு வீணாப் போயிடுமே" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மனிதர் கஞ்சத்தனத்தால் தள்ளிப்போடவில்லை, பயத்தால் தள்ளிப்போடுகிறார் என்று. புரிந்த பிறகும் நான் சும்மா இருந்தேனா?

இந்த வருஷத்து முதல் மழையில் என் படுக்கையறை ஒழுகியது. கட்டில் மேல் வாளியை வைத்துவிட்டுக் கூடத்தில் படுத்துத் தூக்கம் கெட்ட எரிச்சலில் காலையில் சுவருக்கு மேலாகக் கத்தினேன். "நீங்க ட்ரோன் வாங்கி நான் ஒழுகல் அடைக்கறதுக்குள்ள வீடே கரைஞ்சிடும். நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்!" அவர் முகம் சுருங்கிப்போனது. வாய் கொப்பளிக்காமல் உள்ளே போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து என் வாசலில் நின்றார். "உங்க ஏணியை எடுங்க டீச்சர். அவ உள்ள யாருக்கோ ரவிக்கை அளவு பாத்துட்டிருக்கா. அஞ்சு நிமிஷம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏணியைப் பிடித்துக்கொண்டதே நான்தான். மூன்றாவது படியில் அவர் கணுக்கால் நடுங்கியது என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இறங்குங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், பின்னால் கொலுசு போல ஒரு சத்தம். கத்தரிக்கோலில் சாவி மோதும் சத்தம்.

தையல்காரம்மா திட்டவில்லை. வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ரவிக்கைத் தோளில் குத்திக்கொண்டார். கடைசி ஊசியும் வெளியே வந்தபின் சொன்னார். "இறங்குங்க. சட்டையை மாத்துங்க. கடைக்குப் போறோம். டீச்சர், நீங்களும் வாங்க. ஏணி பிடிச்சீங்கல்ல, பையும் பிடிங்க."

கடையில் இருந்த பெண்ணுக்கு அவர் பழக்கம். "வாங்க சார், இன்னிக்கு எத்தனை கேள்வி?" என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். காமிரா மேல் பக்கம் பார்க்குமா, வெயிலில் திரை தெரியுமா, ரிமோட்டை விட்டு எத்தனை தூரம் போகும் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. தையல்காரம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணு, இதுல எது கீழ விழுந்தா பிழைக்கும்?"

அந்தப் பெண் சிறியதாக ஒன்றை எடுத்து வைத்தாள். இறக்கைகளைச் சுற்றிக் கூண்டு போல வளையம். "இதும்மா. எடை கம்மி. கைபட்டாலும் வெட்டாது. ஏதாவது உடைஞ்சாலும் தனித்தனியா வாங்கி மாட்டிக்கலாம்."

"இதையே குடு."

"ஆனா அடுத்த மாசம் இதுலயே புது மாடல் வருதுன்னு பேச்சு. சொல்லிடறேன்."

அவர் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. "பாத்தியா! நான் சொன்னேன்ல!"

"வரட்டும்" என்றார் தையல்காரம்மா. "இவரையே நான் இருபத்தாறு வருஷமா பழைய மாடலாத்தான் வெச்சு ஓட்டிட்டிருக்கேன். விழுந்தாரு, தகடு போட்டாங்க, ஓடறாரு. இதுவும் ஓடும்." கடைப் பெண் சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், காதிடுக்குச் சாக்பீஸ் கீழே விழும் வரைக்கும்.

காமிரா மேல் பக்கம் பார்க்காது என்பதில் மட்டும் பேருந்தில் வரும் வழியெல்லாம் முணுமுணுப்பு. ஓட்டு விளிம்புக்கு அடிப்பக்கத்தை எப்படிப் பார்ப்பதாம்? "அண்ணாந்து பாக்கத்தான் நீங்க இருக்கீங்களே" என்று முடித்துவிட்டார் அந்த அம்மாள்.

சிமென்டில் தடித்த அவர் விரலுக்கு ரிமோட் பிடிபடவில்லை. முதல் நாள் என் துணிக்கொடியில் மாட்டி, என் தலையணை உறையோடு சேர்ந்து இறங்கியது. மூன்றாம் நாள் தையல்காரம்மா, "இப்படிக் குடுங்க" என்று வாங்கினார். ஊசியில் நூல் கோக்கிற விரல் அது. ட்ரோன் பேசாமல் மேலே போய் நின்றது. அன்றிலிருந்து ஓட்டுவது அவர், பார்ப்பது இவர். வெயிலில் திரை தெரிய வேண்டுமே, அதற்குக் கறுப்பு லைனிங் துணியில் ஒரு முக்காடு தைத்துக் கொடுத்திருக்கிறார். அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, "வலது... இன்னும்... நில்லு நில்லு" என்று இவர் கத்துவார். ஓடு மாற்ற இரண்டு ஆட்கள் ஏறுகிறார்கள். எந்த ஓடு என்று தெரிந்துகொண்டு ஏறுகிறார்கள். என் வீட்டு ஒழுகல் சமையலறைக்கு மேலே, புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு விரிசல். "அங்க நுழைஞ்சு, படுக்கையறையில அழுதிருக்கு பாருங்க!" முக்காட்டோடு அவர் குதித்த குதியில் கணுக்கால் தகட்டை நினைத்து எனக்குத்தான் பயம் வந்தது. வாளி திரும்பக் குளியலறைக்குப் போய்விட்டது.

காலையில் இன்னமும் விலை பார்க்கிறார். "ஊருக்குச் சொல்லணும்ல டீச்சர்" என்கிறார்.

போன வாரம் மூலை வீட்டு மாடியைப் பார்க்க இருவரும் போனார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். வேலை முடிந்து ட்ரோன் இறங்கிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் மண் என்பதால் தையல்காரம்மா அதை அவர் கையில்தான் இறக்குவார். ஆரம்பத்தில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். அந்த நேரம் பார்த்து அவர் கையிலிருந்த போன் சிணுங்கியது.

"இதைக் கொஞ்சம் வெச்சுக்கங்க டீச்சர்" என்று திரையைப் பார்க்காமலே என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். புது மாடல் வந்துவிட்டதாம். "வந்துடுச்சு!" என்றேன்.

"ஆமா, வந்துடுச்சு வந்துடுச்சு" என்றார் அவர், மேலே பார்த்தபடி. கண் நன்றாகத் திறந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டு, சேர்த்து விரித்து உயர்த்தினார்.