நான் அடைத்த மூன்று கான்கள்

தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். காலையில் தோட்ட ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் மழைமானியை அளப்பது என் பொறுப்பு. அந்த அளவுதான் டைரியின் முதல் வரி. மழை பெய்யாத நாளில் 'மழை இல்லை' என்று எழுதுவேன், வெறுமையாக விடுவதில்லை. யார் எந்த மலையில் என்ன வேலை செய்தார் என்பதில் வாக்குவாதம் வந்தால், "கிளாக்கரையா டைரியப் பாத்தா தெரியும்" என்று சொல்லிக் கலைந்துவிடுவார்கள். அந்த நம்பிக்கையை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

என் மனைவியின் தம்பி ரோமேனியாவில், மலையூர் ஒன்றில், ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை செய்கிறான். ஒரு மாத லீவில் வந்தவன், வட்டகொடையில் தாய் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு எங்களிடம் வந்துவிட்டான். அவனுடைய போனில் முழுக்கப் பனிச்சறுக்குப் படங்கள். வெள்ளை மலையில் அவன் வளைந்து வளைந்து இறங்கி வருகிறான்.

"இதுக்கெல்லாம் நெறைய செலவாகுமே?" என்று கேட்டேன்.

"காசு கட்டிச் சறுக்குறது ஓட்டல்ல தங்க வாறவங்க மச்சான். நாங்க அவங்க கழிச்சுப் போட்ட சறுக்குக் கட்டைய ஒட்டுப் போட்டு, லீவு நாள்ல ஓசில சறுக்குவோம். விழுறது மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"இங்க பனிக்கு எங்க போறது?"

"பனி என்னத்துக்கு? வழுக்கினா போதும்."

நுவரெலியாவில் ஜனவரியில் சில காலைகளில் உறைபனியில் புல் வெளுக்கும். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். அவன் அதைச் சொல்லவில்லை. ஆபீசுக்குப் போகும் வழியில் நான் தினமும் பார்க்கும் மலையைக் கையால் காட்டினான்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால் இருக்கும் பன்னிரண்டாம் நம்பர் மலை அது. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு, மறுபடி நடும்வரை மண் தேற வேண்டும் என்று புல் போட்டிருந்தார்கள். அந்தப் புல்லையும் அறுத்து நிலத்தில் பரப்பியிருந்தார்கள். நடுவில் ஒரு பட்டையில் புல் சரியாகப் பிடிக்காததால் அங்கே அடிக்கட்டை இல்லை. காய்ந்து மஞ்சளான புல் மட்டும் மேலிருந்து கீழ்வரை பாய் விரித்ததுபோல் கிடந்தது.

எங்கள் குவார்ட்டஸ் வீட்டின் பின்பக்கம் வெடித்துக் கிடந்த நீலத் தண்ணீர்ப் பீப்பாயை நீளவாக்கில் அறுத்து நான்கு பட்டைகள் எடுத்தோம். நுனியை நெருப்பில் காட்டி மேல்நோக்கி வளைத்தோம். கால் வைக்கும் இடத்தில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை ஆணி முடுக்கி, சைக்கிள் டியூபால் பூட்ஸோடு கட்டினோம். கைக்கு ஆளுக்கு இரண்டு மூங்கில் கம்புகள். நான்கு பட்டைகளையும் அளந்து, அரை அங்குல வித்தியாசத்தையும் அரத்தால் ராவிச் சரிசெய்தவன் நான். "மச்சான், இது பீப்பாய். பேப்பர் இல்ல," என்று அவன் சிரித்தான்.

ஒரு இடைஞ்சல் இருந்தது. மழைத்தண்ணீர் நேராகக் கீழே பாய்ந்து மண்ணை அரிக்காமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே வடிகால் வெட்டியிருக்கும். அதைத்தான் நாங்கள் கான் என்போம். நாங்கள் சறுக்க நினைத்த பாதையை மூன்று கான்கள் வெட்டின. அவன் தாண்டிக் குதித்துவிடலாம் என்றான். எனக்குக் குதிக்கிற வயசு இல்லை. நான்தான் யோசனை சொன்னேன்: ஒவ்வொரு கானிலும் நாலடி அகலத்துக்கு அடைத்துவிட்டு, போகும்போது எடுத்துவிடலாம்.

அடியில் கல், மேலே புல்கட்டு, இடையில் களிமண், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சாக்கு. எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. காலால் மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

முதல் ஞாயிறு பதினொரு தடவை விழுந்தேன். பன்னிரண்டாவது தடவை விழவில்லை. அந்தப் பத்தொன்பது விநாடிகளை நான் மறைக்கப் போவதில்லை. முழங்காலை மடித்து, உடம்பை முன்னால் சாய்த்ததும் மலையே என்னைக் கீழே விட்டது. காதில் காற்று. காலுக்கடியில் புல்லின் கரகர சத்தம். தூரத்தில் நோர்வூட்டுக்குப் போகும் பஸ் தீப்பெட்டி அளவில். வாழ்நாள் முழுக்க மலையில் ஏறியும் இறங்கியும் இருக்கிறேன்; ஒருநாளும் அது எனக்கு விளையாட்டாக இருந்ததில்லை. அடிவாரத்தில் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் பஜாருக்குப் போயிருப்பார்கள் என்று கணக்குப் பண்ணித்தான் போயிருந்தோம்.

அன்று அடைப்பை எடுத்துவிட்டு வந்தோம். இரண்டாவது ஞாயிறு மறுபடி அடைத்தோம். அவனுக்கு மறுநாள் காலை விமானம். கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என் மனைவி போனில் கூப்பிட, சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினோம். டைரியில் எழுதினேன்: 'கானில் வைத்ததை நாளை எடுக்க வேண்டும்.' திங்கட்கிழமை ஆபீசில் வேலை கூடிவிட்டது. செவ்வாயும் அப்படியே.

புதன்கிழமை மத்தியானம் இடியோடு மழை பிடித்தது. மறுநாள் அளந்தபோது அறுபத்திரண்டு மில்லிமீட்டர். அடைப்பில் முட்டிய தண்ணீர் கானை விட்டு, நாங்கள் மிதித்து வழவழப்பாக்கியிருந்த பாதையில் நேராக இறங்கி, மேல் லயத்தின் கடைசிக் காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறை வீட்டுக்குள், பின்சுவர் வழியாகப் புகுந்தது. அங்கே கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணும் அவருடைய மகளும் இருக்கிறார்கள். மகள் அடுத்த மாதம் பரீட்சை எழுதுகிற பிள்ளை. சுவர்த் தட்டில் அடுக்கியிருந்த பாடக் கொப்பிகளெல்லாம் சேற்றில். மழையோடு வந்து பார்த்த வேலை மேற்பார்வையாளர் கண்டாக்கு, கான் நிரம்பி வழிவதைக் கீழிருந்தே கண்டுவிட்டார்.

மறுநாள் விடியும்போதே நான் மலைக்குப் போனேன். மூன்று அடைப்பையும் பிடுங்கி, கல்லையும் சாக்கையும் தூரத்துப் புதர்ப் பற்றைக்குள் எறிந்தேன். தண்ணீர் இடித்தும் மூன்றில் ஒன்றுகூடக் கரையவில்லை. கொஞ்சம் மோசமாகக் கட்டியிருந்தால் மழையே எடுத்துக்கொண்டு போயிருக்கும். கை கழுவிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். காலையில் எல்லோரையும் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம்தான் பெரட்டுக்களம்.

எங்கள் டிவிசனில் கான் வெட்டுகிறவர் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஆட்கள் முன்னால் என்னை "கிளாக்கரையா" என்பார். தனியாக இருக்கும்போது "என்னப்பா" என்பார். இருபது வருடமாகக் கான் அவர் பொறுப்பு. கண்டாக்கு அவரைத்தான் முன்னால் கூப்பிட்டார்.

"கான் வெட்டுறேன்னு மலைக்குப் போயி தூங்கிட்டு வாறியா?"

"வெட்டுனேங்க ஐயா. போன கிழமைதான் வெட்டுனேன்."

"வெட்டுன கான்ல தண்ணி எப்படி நிக்கும்? நீ வெட்டுனியா, கண்ண மூடிக்கிட்டு நடந்தியா?"

யாரோ சிரித்தார்கள். கடைசிக் காம்பராப் பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்குப் பின்னுக்கு உள்ள கானு அண்ணே," என்றார். "அதக்கூட ஒழுங்காப் பாக்கலையே நீங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கான் வெட்டுகிறவர் தலை குனிந்தார் என்று நினைக்கிறேன்.

"இன்னையிலருந்து இவனப் புல்வெட்டுல போடுங்க," என்று கண்டாக்கு என்னைப் பார்த்துச் சொன்னார். நான் பக்கத்தில், ஆட்களின் வேலையைப் பதியும் செக்ரோலோடு நின்றிருந்தேன். அவர் பெயருக்கு நேரே புல்வெட்டு என்று எழுதினேன். என் எழுத்து எப்போதும்போல் அழகாகத்தான் இருந்தது.

வேலை போகும் என்று நான் பயப்படவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை கண்டித்திருப்பார், ஒரு கடிதம் கொடுத்திருப்பார், அவ்வளவுதான். நாற்பத்தொன்பது வயதில் பீப்பாயை அறுத்துக் காலில் கட்டிக்கொண்டு மலையில் சறுக்கினேன் என்று தெரிந்தால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். அன்றைய டைரியில் இருப்பது இவ்வளவுதான்: 'மழை 62. மேல் லயம் கடைசிக் காம்பராவில் தண்ணீர்.' விடியற்காலையில் நான் மலைக்குப் போனது அதில் இல்லை. என் டைரியில் தெரிந்தே விடப்பட்ட முதல் வரி அது.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை பின்னேரம், கான் வெட்டுகிறவர் எங்கள் குவார்ட்டஸுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஒரு விசயம்ப்பா. ஒன் டைரியக் கொஞ்சம் பாரு. பன்னெண்டாம் நம்பர் கான நான் வெட்டுனேனா?"

"ஏன், ஒனக்குத் தெரியாதா?"

"வெட்டுனேன்னுதான் நெனைச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல இப்ப சந்தேகமா இருக்கு. அன்னைக்குக் காலைல போய்ப் பாத்தா கானு சுத்தமாக் கெடக்கு. ஆனா தண்ணி நின்னத கண்டாக்கய்யா கண்ணால பாத்திருக்காரு. எங்கப்பாவுக்கும் கடைசில இப்படித்தான். வெறகு எடுத்தாந்து வச்சிட்டு, எடுக்கலன்னு திரும்பப் போவாரு. எனக்கும் அது வந்திடுச்சோன்னு."

டைரியை எடுத்து வந்தேன். பக்கத்தைப் புரட்டி வாசித்தேன். வியாழன், வெள்ளி, இரண்டு நாளும் பன்னிரண்டாம் நம்பரில் கான் வெட்டு என்று அவர் பெயரோடு இருந்தது.

"வெட்டியிருக்க," என்றேன்.

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப எப்படிப்பா அடைச்சிச்சு?"

"மழை அப்படி."

"இதவிடப் பெரிய மழையெல்லாம் பாத்த கானு அது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நாங்கள் களிமண் அப்பிக் கொண்டுவந்த பூட்ஸைக் கழுவியவள் அவள்தான்.

"ஏங்க," என்றாள், "அப்படியே அடுத்த பக்கத்தையும் வாசிச்சிருக்கலாமே."

அடுத்த பக்கத்தில்தான் இருந்தது: 'கானில் வைத்ததை நாளை எடுக்க வேண்டும்.'

மறுநாள் ஞாயிறு. கான் வெட்டுகிறவர் தன் வீட்டுக்கு முன்னால் தோட்டத்தில் கரட் கிழங்குப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பீப்பாய், சாக்கு, விடியற்காலையில் போய்ப் பிடுங்கியது வரை. மண்வெட்டியைப் பாத்தியில் குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சறுக்குனது போகட்டும்," என்றார். "ஆசைன்னா ஆசைதான். அடைச்சதும் போகட்டும், மறந்துட்ட. நேத்து வந்து படியில உக்காந்து எங்கப்பா கதைய சொன்னேனே. அப்பவும் வாயத் தொறக்கலையே நீ."

"தப்புதான்."

"என்னயக் கிறுக்கனாக்கி அனுப்பி வச்சியே." மண்வெட்டியைப் பாத்தியிலிருந்து பிடுங்கினார். "எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? பெரட்டுல சொல்லு."

திங்கட்கிழமை பெரட்டில் சொன்னேன். எழுதி வைத்திருந்ததை வாசிப்பதுபோல் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"ஐயா, பீப்பாய்க்கு உள்ளுக்கா, மேலுக்கா?"

களம் முழுக்கச் சிரித்தது. "எத்தன தடவ விழுந்தீங்க ஐயா?" என்று இன்னொருவர் கேட்டார். டைரிக்காரன் அல்லவா, பதினொன்று என்று எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேன். கண்டாக்குக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று முழுக்க மலையில் அதே பேச்சு. நான் பயந்த சிரிப்பு வந்து, மத்தியானத்துக்குள் போயும்விட்டது. இதற்காகவா ஒரு மனிதனை ஒன்பது நாள் தன் மூளையையே சந்தேகப்பட விட்டேன் என்று நினைத்தபோதுதான் உண்மையில் கூசியது.

கான் வெட்டுகிறவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசிக் காம்பராப் பெண் அவரிடம் போய் ஏதோ சொன்னார், அவர் தலையாட்டினார். பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்து, "கொப்பி இன்னும் காயலங்க ஐயா," என்றார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாங்க. கூடப் படிக்கிற புள்ளைங்க சேந்து எழுதிட்டாங்க," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

துரையின் கடிதம் வந்தது. என் கோப்பில் நானே வைத்தேன். கான் வெட்டுகிறவரை அன்றே மறுபடி கான் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். விட்டுப்போன வரியை டைரியில் அதே நாளுக்குக் கீழே, எழுதிய தேதியும் போட்டு எழுதினேன். மச்சினன் அங்கே பனி விழுந்ததும் போனில் கூப்பிட்டு, "நம்ம மலை எப்படி மச்சான்?" என்று கேட்டான். புதுக் கன்று நட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வருகிறார். அந்தக் கிழமை எந்த மலையில் எத்தனை கான் வெட்டினார் என்று சொல்கிறார். நான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்கிறார், வாசிக்கிறேன். பிறகு புத்தகத்தை ஜன்னல் வழியாக வாங்கி, தானும் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் பார்க்கிறார்.

போன சனிக்கிழமை ஆபீசில் வேறு யாரும் இல்லை. வெளியே வராந்தாவிலும் ஆளில்லை; நாங்கள் இருவர்தான், தனியாக. வாசித்து முடித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரிங்க ஐயா," என்றார். குடையை விரித்துக்கொண்டு போனார்.