ஏணியாரின் வலது தோள்

ஏணியார் என்பது தெருவே சேர்ந்து அவருக்கு வைத்த பெயர். பெயிண்டர் வேலையில் இருபத்திரண்டு வருஷம், அதில் பாதி ஏணி உச்சியில்தான் வாசம். அவரும் மனைவியும் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரின் மேல்பாதியும் சீலிங்கும் அவருக்கு, கீழ்ப்பாதி அவளுக்கு. "சீலிங் அடிக்கறவன்தான் பெயிண்டர், மத்தவங்கல்லாம் சும்மா பிரஷ் பிடிக்கறவங்க" என்று அவள் காதில் விழவே சொல்லுவார். "ஆமா, ரொம்பப் பெரிய பெயிண்டர்" என்று அவளும் விட்டுவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அதிலும் விசித்திரத்தைப் பாருங்கள். கை தொங்கும்போது வலியில்லை. முழுசாகத் தூக்கிவிட்டாலும் அவ்வளவாக இல்லை. தோள்மட்டத்தைக் கடக்கிற அந்த ஒரு சாண் தூரத்தில்தான் உயிர் போய் உயிர் வரும். நடுவில்தானே வில்லங்கம் என்று யோசித்தார் மனுஷன். காலையில் இடது கையால் வலது கையை ஒரே தள்ளாக மேலேற்றிவிட்டு, மத்தியானம் வரை இறக்காமலே இருந்துவிட்டால் போச்சு!

அப்படியே செய்தார். தண்ணீர் குடிக்க இறங்கினாலும் கை மேலே. அப்போது வேலை நடந்தது ஒரு வாத்தியார் வீட்டில். எதிரே வந்த வாத்தியார், தூக்கிய கையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், "ம், கேளுங்க, என்ன சந்தேகம்?" என்றார். ஏணியாருக்கு மானமே போய்விட்டது.

அன்று சாயங்காலம் சட்டையைக் கழற்ற முடியாமல் அதற்குள்ளேயே சிக்கிக்கொண்டு நின்றபோது மனைவியிடம் குட்டு உடைந்தது. "இதை ஏங்க சொல்லல?"

"சொன்னா என்னைக் கீழே ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்க அனுப்பிடுவே." அவருடைய பயமெல்லாம் அதுதான். ஏணியை விட்டு இறக்கிவிட்டால் அப்புறம் அவர் யார்?

மறுநாள் காலையில் அவரைக் கையோடு இழுத்துப் போனாள். டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். "தோள் மேல இருக்கற எலும்போட நுனி சில பேருக்குத் தட்டையா இருக்கும். உங்களுக்குக் கொக்கி மாதிரி கீழ வளைஞ்சிருக்கு. கையைத் தூக்கும்போது அடியில இருக்கற தசைநார் அதுல உரசுது. ஒரு ஊசி போட்டுடறேன்."

"வளைஞ்சிருக்கா? இவர் உடம்புலயா?" என்றாள் மனைவி.

"ஊசி போட்டா எலும்பு நிமிர்ந்துடுமா?" என்று கேட்டார் ஏணியார்.

"நிமிராது. ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், அதுக்கும் சில நாள் ஆகும். கூடவே மரத்துப்போற மருந்தும் கலந்திருக்கேன், இப்போதைக்கு வலி தெரியாது. அதை நம்பி ஏணி ஏறிடாதீங்க. ரெண்டு வாரம் கை தோளுக்கு மேல போகக் கூடாது."

ஊசி போட்டுப் பத்து நிமிஷத்தில் கை சர்ரென்று மேலே போனது. ஏணியாருக்கு வாயெல்லாம் பல். கேட்ட புத்திமதி வாசல்படியோடு சரி. மனைவி கத்தக் கத்த நேரே வாத்தியார் வீட்டுக்குப் போய் ஏணியில் ஏறினார். பாதி சீலிங் முடித்திருப்பார், மரப்பு விட்டது. "ஐயோ அம்மா!" என்ற அலறலோடு ரோலர் கீழே வந்தது.

"இறங்குங்க" என்றாள் மனைவி.

இறங்கினார். அவள் ரோலரை எடுத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் கடகடவென்று உச்சிக்குப் போய் நின்றாள். ஏணியார் மிரண்டுபோனார்.

"ஏம்மா, உனக்கு ஏறத் தெரியுமா?"

"நீங்க டீ குடிக்கப் போறப்பல்லாம் யாரு ஏறினதா நினைச்சீங்க? அவசரத்துல திட்டுத்திட்டா விட்டுட்டு வருவீங்களே, அதெல்லாம் தானாவா வெள்ளையாச்சு?"

ஏணியாருக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அது வெட்கமாகிவிட்டது. பிறகு, அவள் மேல் இத்தனை நாள் இல்லாத ஒரு ஆசையும் வந்தது. அதையெல்லாம் சொல்லவா முடியும்? ஏணியை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வாத்தியார் வந்து அண்ணாந்து பார்த்தார். "பிரமாதம்! ஒரு திட்டு இல்லையே. இன்னிக்கு சீலிங் அடிச்சது யாரு, அம்மாவா?"

"இன்னிக்கு மட்டும் இல்ல சார்" என்றார் ஏணியார். "இருபத்திரண்டு வருஷமா இவதான்."