மணிக்கு இருபத்து நான்கு

மார்ச் 1. சம்பளம் 14,400
மார்ச் 1. பஸ் பாஸ் 1,150
மார்ச் 9. பட்டறையில் பிறந்தநாள், வழியனுப்பு வசூல் 600
மார்ச் 15. கண்ணுக்குச் சொட்டு மருந்து 200
மார்ச் 31. மேல்கோட்டுச் சலவை 350
மார்ச் 31. மதியம் வெளியில் சாப்பிட்டது 1,500
மார்ச் 31. குழந்தையைப் பார்த்துக்கொள்ள 4,000
மீதம் 6,600

இந்த எட்டு வரியையும் எழுதியவர் முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்து, யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று குறித்துவந்தவர். ஒரு நிமிடம் பிந்தினாலும் அரை மணிக் கூலியில் கை வைத்துவிடுவார். அதனால் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர் விழுந்தது. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

சம்பளம் அவருடையது இல்லை, மருமகளுடையது. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் அவளுக்கு ஐந்து வருடமாக வேலை. தேய்த்த லென்ஸின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினால் போதும், எந்த இடம் ஃப்ரேமில் உட்காராது என்று சொல்லிவிடுவாள். மகன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். நான்கு வயதுப் பேத்தியைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டது நிமிஷம்தான். அதற்காக மருமகள் மாதம் நாலாயிரம் அவர் கையில் கொடுத்தாள்.

"வெளியில விட்டா யாருக்கோ குடுக்கத்தானே போறேன் மாமா? அது உங்க கையில இருக்கட்டும்."

முதல் மாதம் அவர் வேண்டவே வேண்டாம் என்றார். இரண்டாம் மாதம் ஒரே ஒரு தடவை வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு தேதி தவறாமல் கை நீட்டினார்.

ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை மாலை, மருமகள் கால் வலியோடு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். "மாசம் முழுக்க ஓடறேன், கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எங்கதான் போகுதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்களேன் மாமா" என்றாள்.

அவரிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. மறுநாள் காலை பல் துலக்கிய கையோடு உட்கார்ந்துவிட்டார். அவள் வேலைக்குப் போவதால் ஆகும் செலவை மட்டும் வரிசையாக எழுதினார். சம்பளம் எட்டு மணி நேரத்துக்கு. ஆனால் பஸ்ஸில் இரண்டு மணி, சாப்பாட்டு இடைவேளை அரை மணி, கிளம்பித் தயாராக அரை மணி. ஆக நாளைக்குப் பதினொன்று. இருபத்தைந்து நாளுக்கு இருநூற்று எழுபத்தைந்து மணி.

நாலாயிரத்தை எழுதும் முன் பேனா நின்றது. அது வீட்டை விட்டு வெளியே போகிற பணமில்லை. அவருடைய சட்டைப் பைக்குள் வருகிற பணம். அதை விட்டுவிட்டு வகுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டரைக்கு மேல் ஏதோ சொச்சம் வந்து, முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. சேர்த்து வகுத்தார். இருபத்து நான்கு. மீதி இல்லை. பட்டறை சொன்ன மணிக்கூலி எழுபத்திரண்டு. அதில் சரியாக மூன்றில் ஒன்று. இவ்வளவு சுத்தமாக வகுபடும் கணக்கு தப்பாக இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. நாலாயிரத்தை எழுதினார்.

"மணிக்கு இருபத்து நாலா?" என்று மருமகள் சிரித்தாள்.

"டீக்கடையில கிளாஸ் கழுவினா இதைவிடக் கூட வரும்மா" என்றார் அவர், தன் பங்குக்கு.

தாளை வாங்கி மேலிருந்து படித்துக்கொண்டு வந்தவள், நாலாயிரத்தில் வந்து நின்றாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. அன்றிரவு மகனிடம் போனில் சொன்னாள். "அப்பா போட்டா தப்பாது. பேசாம வேலைய விட்டுடு" என்றான் அவன். ஏப்ரல் 30 அன்று வேலையை விட்டாள்.

மே மாதக் கடைசியில் நிமிஷம் முடிவெட்டப் போனார். வெட்டி முடிந்து பையில் கை விட்டால் சில்லறைதான் இருந்தது. கையை எடுக்காமல் துழாவிக்கொண்டே நின்றார்.

"நாளைக்குக் குடுங்கய்யா" என்றார் முடிவெட்டுகிறவர். "ஒரு நிமிஷம் பிந்தினா நான் ஒண்ணும் கூலியப் பிடிக்க மாட்டேன்."

வரும் வழியில்தான் எண்ணிப் பார்த்தார். முடிவெட்டு, பேப்பர், மாலை டீ, போன வருடம் கட்டிய பல் எல்லாம் அந்த நாலாயிரத்தில் நடந்தவை. தனக்கு வந்ததை அவளுக்குப் போனதாக எழுதி, அவள் வேலையைப் பறித்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்தால், மருமகள் காலி டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு மாதத்தில் வந்த பழக்கம் அது.

"அந்தக் கணக்கு தப்பும்மா" என்றார். "நாலாயிரத்தை எழுதியிருக்கக் கூடாது."

"தெரியும் மாமா."

"எப்போ தெரிஞ்சுது?"

"படிச்சப்பவே. உங்க கைக்குத்தானே வருது."

"பின்ன ஏம்மா விட்டே?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பிள்ளையப் பாத்துக்கறதைக் கூலி மாதிரி எழுதியிருந்தீங்க. உங்களால முடியல, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படறீங்க, அதான் கணக்காச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"அவ எனக்குப் பாரமே இல்லம்மா. வகுத்தப்போ மீதி வரல... அவ்வளவுதான்."

சொல்லும்போதே அது அவர் காதுக்கே கேவலமாகக் கேட்டது.

"அதுக்காகவா மாமா?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

மறுநாள் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பேசினார். "அவங்க கை வேலை யாருக்கு வரும்? ஆனா அந்த இடத்துக்கு ஆள் தேடச் சொல்லியாச்சு. எதுக்கும் தலைமை ஆபீசுக்கு எழுதிப் போடச் சொல்லுங்க."

"விட்டவ நான், திரும்ப நானே போய்க் கேக்கறதா?" என்று மருமகள் முதலில் மறுத்தாள். "தப்பு என்னோடதுன்னு நான் எழுதறேன்" என்றார் அவர். அதற்கு மட்டும் அவள் லேசாகச் சிரித்தாள். கடைசியில் அவளே எழுதி ஜூன் 3 அன்று அனுப்பினாள். பரிசீலனையில் இருப்பதாக ஜூன் 14 அன்று பதில் வந்தது. அன்றிலிருந்து தபால்காரர் வரும் நேரத்தில் நிமிஷம் வாசலில் நின்றார். பேத்தி விரலைப் பிடித்து இழுத்தாலும் நகரவில்லை.

"என்னங்கய்யா, நான் பிந்தி வர்றதையும் குறிக்கிறீங்களா?" என்று தபால்காரர் ஒருநாள் வம்புக்கு இழுத்தார். இவர் அவர் கையிலிருந்த கடிதக் கட்டையே பார்த்தார்.

வேறு ஆளை எடுத்துவிட்டோம், இனி எழுத வேண்டாம் என்ற கடைசிக் கடிதம் வந்தது ஜூலை 17.