பின்பக்கம் எழும்பாத கார்

அண்ணன் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, ஐம்பதுகளில் செய்த ஓர் அமெரிக்கக் காரை வாங்கி மல்காஜ்கிரி வீட்டு வாசலில் நிறுத்தினார். அதில் ஓர் அதிசயம் உண்டு. பின்சீட்டில் பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், அடியிலுள்ள ஒரு சுவிட்ச் அதைக் கண்டுகொள்ளும். சில நொடி பொறுத்து ஒரு மோட்டார் ஓடி, வண்டியை மட்டமாகத் தூக்கிவிடும். பார்க்கிறவர்களிடமெல்லாம் அண்ணன் இதைத்தான் அளந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் ஒரு கல்யாண மண்டப வாசலில் நண்பர்கள் சூழ்ந்து நிற்க, அண்ணியைப் பின்சீட்டில் ஏறச் சொன்னார். அண்ணி நல்ல பருமன். வண்டி தாழ்ந்தது, எழும்பவில்லை. "என்ன, பின்னாடி எஞ்சினையே ஏத்திட்டீங்களா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி அப்போதே இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு காரில் மட்டுமல்ல, அண்ணனோடு எங்குமே அவர் வெளியே போவதில்லை. "அதை மட்டும் எப்படியாவது சரி பண்ணிக் கொடு" என்று அண்ணன் போனில் கெஞ்சினார்.

நான் தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கருவிகள் பழுதுபார்ப்பவள். அண்ணிக்காகத்தான் போனேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என்னை இழுத்தது அந்தச் சுவிட்ச். யார் ஏறினார்கள் என்று அந்தக் காலத்திலேயே காருக்குத் தெரிந்திருக்கிறது என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

அரிசி மூட்டைகளை ஏற்றிப் பார்த்தோம். அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். வண்டி அசையவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டுச் சுவிட்சைக் கழற்றினேன். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஆள் அகப்பட்டான் என்று உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். மறுபடி மூட்டைகள், மறுபடி அதே கதை. இரண்டு ஞாயிறு இப்படியே போனது. எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாம் ஞாயிறு சாயங்காலம், மோட்டார் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, சுவிட்சுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லாம்புடன் வண்டிக்கு அடியில் படுத்தேன். லாம்ப் எரிந்தது. அண்ணன் டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார். லாம்ப் அணைந்தது. எதையோ எடுக்க அவர் இறங்கினார், எரிந்தது. ஏறினார், அணைந்தது. இதென்ன கூத்து என்று தலையைத் திருப்பினால், பின்னாலிருந்த சுவரெல்லாம் சிவப்பு வெளிச்சம்.

"அண்ணே, பிரேக்ல காலா வெச்சிருக்கீங்க?"

"பின்ன? சரிவுல நிக்குது வண்டி. ஹேண்ட் பிரேக்கும் சரியில்ல."

"காலை எடுங்க."

"நக்கோம்மா, மாட்டேன்! நீ அடியில கிடக்கிற."

"சக்கரத்துக்குக் கல்லு வெச்சிருக்கு. எடுங்க."

நின்ற வண்டியில் பிரேக்கை விடுவதென்பது ஆயுசு முழுக்க ரயில் ஓட்டியவருக்கு ஆகாத காரியம். அரைமனதாக எடுத்தார். சுவர் இருண்டது, லாம்ப் எரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. பிரேக் போட்டால் எந்த வண்டியும் முன்னால் குனியும், பின்பக்கம் தூக்கும். அதைப் பாரம் குறைந்ததாக நினைத்து ஏமாறக் கூடாதென்று, பிரேக் அழுத்தியிருக்கும்வரை மின்சாரத்தையே துண்டிக்க வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! வண்டிக்கடியில் தனியாகச் சிரித்தேன்.

ஒயரை மாட்டிவிட்டு அண்ணியைக் கூப்பிட்டேன். எனக்காக வந்தார். ஏறினார், வண்டி தாழ்ந்தது. முகம் சுருங்கிக் கதவில் கை வைத்தார். "கொஞ்சம் இருங்க அண்ணி" என்றேன். அடியில் மோட்டார் உறுமியது. பின்பக்கம் மெல்ல மெல்ல எழும்பி மட்டமாக நின்றது.

அண்ணி கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு முன்சீட்டிலிருந்த அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "அன்னிக்கு ஏன் எழும்பல?"

சுவிட்ச் மேல் பழி போட்டிருக்கலாம். அதன் உள்ளே பச்சை பூத்திருந்ததும் உண்மைதானே. அண்ணன் போடவில்லை.

"என் காலு பிரேக்ல இருந்துச்சு" என்றார்.

"நான் ராத்திரி சாப்பாட்டை விட்டு எத்தனை நாளாச்சு, தெரியுமா உங்களுக்கு?"

அண்ணனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தலை குனிந்திருந்தார். அண்ணி இறங்கவில்லை. கதவைத் திறந்து, நன்றாக அறைந்து சாத்தினார்.

"வண்டியை எடுங்க. எனக்குப் பசிக்குது."